மூன்று வருஷக் கெடுவும் ஒரு கையெழுத்தும்: கடனை ஒப்புக்கொண்டால் சட்டத்தில் என்ன ஆகிறது?

“மூணு வருஷம் ஓடிப்போனால் புரோநோட்டு செல்லாது” என்று ஒரு பேச்சு. “இடையில் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால் கடன் என்றைக்கும் போகாது” என்று இன்னொரு பேச்சு. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும், ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) மில் வாசலிலும், ஏற்காட்டில் காப்பிக்கு விலை பேசும் இடத்திலும் இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்வார்கள். இரண்டுமே பாதி சரி. மீதிப் பாதி அந்தக் கையெழுத்து எந்தத் தேதியில் விழுந்தது என்பதில் இருக்கிறது. பதினைந்து நாள் முந்தினால் முழுத் தொகைக்கும் வழக்கு நிற்கும். பதினைந்து நாள் பிந்தினால் அதே காகிதம், அதே கையெழுத்து, ஆனால் ஒரு ரூபாய்கூடத் தீர்ப்பாகாது.

கெடு என்றால் என்ன?

பணம் வசூலிக்க வழக்குப் போடுவதற்கான காலத்தைக் காலவரையறைச் சட்டம், 1963 நிர்ணயிக்கிறது. 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தைத்தான் நீதிமன்ற வட்டாரத்தில் ‘லிமிடேஷன்’ என்கிறார்கள். சாதாரணக் கடன், கைமாற்று, புரோநோட்டு, சரக்குப் பாக்கி எல்லாவற்றுக்கும் மூன்று வருஷம். சொத்தை அடமானம் வைத்த கடனில் அந்தச் சொத்தின் மேல் வசூலிக்க 12 வருஷம். தீர்ப்பு வாங்கிய பிறகு அதை நிறைவேற்ற 12 வருஷம்.

சட்டத்தின் 3ஆம் பிரிவு கறாரானது. கெடு தாண்டி வந்த வழக்கை, எதிராளி அதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் உதவும். புதிதாகப் போடும் பண வழக்குக்கு உதவாது. உடம்பு சரியில்லை, மகள் கல்யாணம், ஊரில் இல்லை என்று எதைச் சொன்னாலும் நடக்காது.

ஆனால் கெடு முடிந்தால் கடனே அழிந்துவிடுகிறது என்பது தவறு. நீதிமன்றம் வழியாக வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. கடன் கடனாகவே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அதனால்தான் கெடு முடிந்த கடனுக்கு மனமுவந்து கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அடகு வைத்த நகையைக் கடனைத் தீர்க்காமல் மீட்கவும் முடியாது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். “கேட்கும்போது தருகிறேன்” என்று எழுதிய புரோநோட்டுக்கு, பணத்தைக் கேட்ட நாளிலிருந்துதானே கணக்கு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோட்டில் போட்டிருக்கும் தேதியிலிருந்தே மூன்று வருஷம் ஓட ஆரம்பித்துவிடும். நோட்டு இல்லாத கைமாற்றுக்கும் அப்படித்தான்; பணம் கைமாறிய நாளே தொடக்கம். இன்ன தேதியில் தருகிறேன் என்று நாள் குறித்து எழுதிய நோட்டுக்கு மட்டும் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

சரக்குப் பாக்கியில் கொஞ்சம் மாறும். மரவள்ளிக் கிழங்கை மில்லில் இறக்கி, தவணை எதுவும் பேசவில்லை என்றால், இறக்கிய நாளிலிருந்து மூன்று வருஷம். ஒவ்வொரு லோடுக்கும் அதனதன் எடைச்சீட்டுத் தேதியே கணக்கு என்பதால், ஒரே பருவத்தில் இறக்கிய லோடுகளில் முதலாவது காலாவதியாகி, கடைசி லோடு மட்டும் உயிரோடு இருப்பதும் நடக்கும். இரண்டு மாதத் தவணை பேசியிருந்தால் அந்த இரண்டு மாதம் முடிந்த நாளிலிருந்து எண்ணலாம். காப்பி அறுவடைக்கு முன்னால் வியாபாரி தோட்டக்காரருக்குக் கொடுக்கும் முன்பணத்துக்கு, சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாள்தான் தொடக்கம்.

எண்ணும்போது முதல் நாளைச் சேர்ப்பதில்லை. கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மே மாதக் கோடை விடுமுறையில் கெடு முடிகிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

எழுத்தில் ஒப்புக்கொண்டால்: பிரிவு 18

கெடு முடிவதற்கு முன், கடன்பட்டவர் தன் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், போட்ட நாளிலிருந்து புதிதாக முழு மூன்று வருஷம் கிடைக்கும். மீதமிருந்த நாள்களோடு கூட்டல் இல்லை. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அந்த மூன்று வருஷத்துக்குள் இன்னொரு ஒப்புதல் வாங்கினால் மறுபடி மூன்று. எத்தனை முறை என்று உச்சவரம்பு கிடையாது. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி பிந்தினாலும் அதற்குப் பிறகு வந்த ஒப்புதல்கள் எதுவும் கடனைக் காப்பாற்றாது.

ஒப்புதல் செல்ல நான்கு விஷயங்கள் வேண்டும்:

1. எழுத்தில் இருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாயால் சொன்னது பிரிவு 18க்குள் வராது.
2. கடன்பட்டவரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆளோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். எழுதத் தெரியாதவரின் கைநாட்டும் கையெழுத்துதான்.
3. கெடு உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து விழுந்திருக்க வேண்டும்.
4. இன்றைக்கும் பாக்கி இருக்கிறது என்ற பொருள் அதில் வர வேண்டும்.

நாலாவதில்தான் வழக்குகள் சிக்குகின்றன. 1961இல் ஷாபூர் ஃப்ரீடம் மஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றைக்கும் நிற்கிறது: தொகை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற சொல்லும் தேவையில்லை, கடன் கொடுத்தவர், பட்டவர் என்ற உறவு இன்னும் நீடிக்கிறது என்று எழுதியவர் ஏற்பது வாசகத்தில் தெரிந்தால் போதும். தாராளமாகவே பொருள் கொள்ளலாம், ஆனால் இல்லாத ஒப்புதலைக் கற்பித்துக்கொள்ளக் கூடாது.

சட்டத்தின் விளக்கக் குறிப்பு இன்னும் தூரம் போகிறது. தர மாட்டேன் என்று சேர்த்து எழுதினாலும் ஒப்புதல்தான். இன்னும் தவணை வரவில்லை என்று சொன்னாலும், எனக்கு நீங்கள் தர வேண்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாலும் ஒப்புதல்தான். கடன் கொடுத்தவருக்கே எழுதியிருக்க வேண்டும் என்றும் இல்லை. வேறு யாருக்கு எழுதியிருந்தாலும் செல்லும்.

ஆகவே, “உங்கள் பாக்கி ஞாபகம் இருக்கிறது, இந்த வருஷம் மிளகும் கைவிட்டது, இப்போது என்னால் முடியாது” என்ற கடிதம் ஒப்புதல். “வட்டியைக் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள், உட்கார்ந்து கணக்குப் பார்த்து மீதியை முடிப்போம்” என்பதும் ஒப்புதல். “அந்தக் காலத்தில் வாங்கினேன், எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று” என்பது ஒப்புதல் ஆகாது. “உங்கள் நோட்டீஸ் கிடைத்தது” என்பதும் ஆகாது.

வேறொருவருக்கு எழுதியதும் செல்லும் என்பதன் விளைவை யோசித்துப் பார்க்க வேண்டும். வட்டிக் கொடுமை தாங்காமல் ஒருவர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கிறார். “இன்னாரிடம் மூன்று லட்சம் வாங்கினேன், வட்டியாகவே இரண்டு லட்சம் கட்டிவிட்டேன், அசல் இன்னும் பாக்கி, அதற்காக மிரட்டுகிறார்” என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்த மனுவையே பிறகு கடன் கொடுத்தவர் ஒப்புதலாக எடுத்துவைத்து வாதிட முடியும். மனுக் கொடுக்கவே கூடாது என்பதல்ல. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மிரட்டப்படுகிறவர் அதை நாட வேண்டும். நடந்ததை உள்ளபடி எழுதட்டும். மனுவின் தேதியும் வாசகமும் சிவில் வழக்கிலும் பேசப்படும் என்பது மட்டும் எழுதும்போது தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனியாக நடக்கும் மில்களுக்கு இன்னொன்று. இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) ஒரு கடனைக் காட்டி இயக்குநர்கள் கையெழுத்திட்டால், அதுவும் ஒப்புதலாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உறுதி செய்தது. அந்தக் கடனை நாங்கள் ஏற்கவில்லை என்று குறிப்பு சேர்த்திருந்தால் நிலைமை மாறும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் பணம் கொடுத்தால்: பிரிவு 19

கெடுவுக்குள் அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கொடுத்தாலும், கொடுத்த நாளிலிருந்து புதிய மூன்று வருஷம். ஐந்து லட்சத்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் போதும். நிபந்தனை ஒன்று உண்டு: பணம் கொடுத்ததற்கான பதிவு, அந்தப் பணத்தைக் கொடுத்தவர் தன் கையால் எழுதியதாகவோ அவர் கையெழுத்திட்டதாகவோ இருக்க வேண்டும்.

புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதும் பழக்கம் இதற்காகத்தான். ஆனால் பல நோட்டுகளில் வரவு வரிகளை எழுதியிருப்பவர் கடன் கொடுத்தவர். கீழே கையெழுத்திட்டிருப்பவரும் அவரே. “ரூ. 20,000 வரவு” என்று கடன் கொடுத்தவர் தன் கையால் பத்து வரி எழுதி வைத்திருந்தாலும், கடன்பட்டவரின் கையெழுத்து ஒன்றிலும் இல்லை என்றால் பிரிவு 19க்கு அது பயன்படாது. அவர் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட வரவுக்கும் இதே கதிதான்.

காசோலையாகக் கொடுத்தால், காசோலையிலேயே கொடுத்தவரின் கையெழுத்து இருப்பதால் நிபந்தனை நிறைவேறுகிறது. பின்தேதியிட்ட (பிறகு வரப்போகும் தேதி போட்ட) காசோலை என்றால், அதில் போட்டிருக்கும் தேதியே பணம் கொடுத்த தேதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜிபே, ஃபோன்பே வழியாக வந்த பணம் வங்கிப் பதிவில் தெரியும். எதற்காக வந்தது என்பதும், கொடுத்தவர் கையெழுத்து எங்கே என்பதும் வாதத்துக்கு இடம் கொடுத்துவிடும். பணம் போனில் வந்தாலும் நோட்டின் பின்னால் ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்குவதே பத்திரம்.

ஒரே கடன், ஐந்து முடிவுகள்

ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் 10-06-2022 அன்று ஐந்து லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். வழக்குப் போடக் கடைசி நாள் 10-06-2025. இனி ஐந்து விதமாக நடக்கலாம்.

1. அறுவடைக் காசு வந்ததும் 18-01-2024 அன்று 50,000 கொடுத்து, நோட்டின் பின்னால் தானே வரவு எழுதிக் கையெழுத்திடுகிறார். கடைசி நாள் 18-01-2027க்குப் போகிறது.

2. அதே நாளில் அதே தொகை ரொக்கமாகக் கொடுக்கிறார். வியாபாரி மட்டும் எழுதிக்கொள்கிறார். கடைசி நாள் 10-06-2025தான்.

3. பணம் எதுவும் தரவில்லை. 30-05-2025 அன்று “பாக்கியை மறக்கவில்லை, அடுத்த அறுவடைக்குப் பிறகு பேசுவோம்” என்று கையெழுத்திட்ட கடிதம் வருகிறது. கடைசி நாள் 30-05-2028.

4. அதே கடிதம், தேதி மட்டும் 25-06-2025. பயன் இல்லை. கெடு முடிந்து பதினைந்து நாளாகிவிட்டது.

5. 25-06-2025 அன்று, “பாக்கி ஆறு லட்சத்தை 31-03-2026க்குள் தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். இது செல்லும். காரணம் வேறு சட்டத்தில் இருக்கிறது.

கெடு முடிந்த பிறகு

மேலே நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இருக்கும் வித்தியாசம் ‘பாக்கி இருக்கிறது’ என்பதற்கும் ‘தருகிறேன்’ என்பதற்கும் உள்ளது. காலாவதியான கடனைத் தருவதாக எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், அது புதிய ஒப்பந்தம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் பிரிவு 25(3). பொதுவாக, பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுத்த வாக்கைச் சட்டம் ஒப்பந்தமாக ஏற்காது. இது அதற்கு விலக்கு. பழைய கடன் உயிர் பெறவில்லை, புதிய கடன் பிறந்திருக்கிறது. முழுத் தொகைக்குத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு லட்சம் தருகிறேன் என்றால் இரண்டு லட்சத்துக்கு மட்டும் வழக்குப் போடலாம்.

வெறும் ஒப்புதலும், ஒரு பகுதிப் பணமும் கெடு முடிந்த பிறகு எதையும் மாற்றாது. ஆனால் ‘நோட்டை மாற்றி எழுதித் தா’ என்று கேட்டுப் புதுப் புரோநோட்டு வாங்கினால் மாற்றும், ஏனென்றால் புரோநோட்டு என்பதே தருகிறேன் என்ற வாக்கு. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய பாக்கிக்கு இன்று புது நோட்டில் கையெழுத்திடுகிறவர், நீதிமன்றம் இனி கேட்காது என்றிருந்த கடனைத் தன் கையால் மறுபடி கேட்கவைக்கிறார். நேர்மையாகத் தீர்க்க நினைத்து அதைச் செய்தால் மரியாதைக்குரிய செயல்தான். தெரியாமல் செய்வதுதான் வருத்தம்.

கெடுவை நீட்டிக்காதவை

வக்கீல் நோட்டீஸ் நீட்டிக்காது. ஊர்ப் பஞ்சாயத்து நீட்டிக்காது. காவல் நிலையப் புகாரும், “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று போனில் சொன்னதும் நீட்டிக்காது. நோட்டீஸ் அனுப்பிவிட்டோமே என்று நிம்மதியாக இருந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. நோட்டீஸுக்கு வரும் பதிலில் பாக்கியை ஏற்றிருந்தால் அந்தப் பதில் உதவும். அனுப்பியது மட்டும் உதவாது.

வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் பற்றி அதிகம் கேட்கிறார்கள். மின்னணுப் பதிவை எழுத்தாக ஏற்க 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடம் தருகிறது. மின்னஞ்சல் ஒப்புதலை ஏற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. ஆனாலும் கையெழுத்து எது என்ற சண்டையும், சாட்சியமாகக் காட்டச் சான்றிதழ் வைக்க வேண்டிய வேலையும் சேர்ந்தே வரும். வேறு காகிதம் இல்லாதபோது அவற்றை அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். அவற்றையே நம்பிக் காகிதத்தில் வாங்காமல் விடக் கூடாது.

யார் கையெழுத்து யாரைக் கட்டும்?

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து எழுதிய நோட்டில் அண்ணன் மட்டும் பிறகு ஒப்புதல் கொடுத்தால், அதை மட்டும் வைத்துத் தம்பியைக் கட்ட முடியாது. கூட்டாளிகளுக்கும் இதே விதி; இது பிரிவு 20. பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தின் கடனில் குடும்ப மேலாளர் போட்ட கையெழுத்து குடும்பம் முழுவதற்கும் பொருந்தும். அப்பா உயிரோடிருந்தபோது கொடுத்த ஒப்புதல் வாரிசுகளுக்கும் பொருந்தும். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. கடன்பட்டவரின் கையெழுத்து ஜாமீன்தாரரைத் தானாகக் கட்டிவிடும் என்று நம்பக் கூடாது. வங்கிகள் இருவரிடமும் தனித்தனியாகக் கடிதம் வாங்குவது அதனால்தான். மில் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்த பாக்கிச் சீட்டும் அப்படியே: அவருக்கு அதிகாரம் இருந்தது என்று காட்ட முடிந்தால் செல்லும், இல்லாவிட்டால் அது வெறும் துண்டுச்சீட்டு.

கொரோனா காலக் கணக்கு

15-03-2020 முதல் 28-02-2022 வரையான நாள்களைக் கெடுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பழைய நோட்டுகளின் சங்கிலியைச் சரிபார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. 10-08-2018 தேதியிட்ட நோட்டு சாதாரணக் கணக்கில் 10-08-2021இல் முடிந்திருக்கும். அதில் 2022 ஜூனில் வாங்கிய ஒப்புதல் பார்வைக்குப் பிந்தியதாகத் தெரியும். விலக்கிய நாள்களைக் கழித்தால் கெடுவுக்குள் விழுந்தது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது.

எழுதும்போது

ஒப்புதலுக்குத் தனி வடிவம் இல்லை. இவ்வளவு போதும்:

“10-06-2022 தேதியிட்ட புரோநோட்டின்படி நான் தங்களுக்குத் தர வேண்டிய அசல் ரூ. 5,00,000மும் வட்டியும் இன்றுவரை பாக்கி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.”

கீழே தேதி, இடம், கையெழுத்து. நோட்டின் பின்பக்கமே எழுதலாம். தனித்தாள் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குவது நல்லது. தேதியைக் கடன்பட்டவரே தன் கையால் எழுத வேண்டும். தேதி விட்டுப்போனால், எந்த நாளில் கையெழுத்தானது என்பதற்குச் சாட்சி சொல்ல பிரிவு 18(2) அனுமதிக்கிறது. காகிதம் தொலைந்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்று வாய்ச்சாட்சி சொல்லி ஈடுகட்டப் பெரும்பாலும் இடமில்லை.

கையெழுத்துப் போடுகிறவருக்கும் இதே தேதிதான் பாதுகாப்பு. ஸ்டாம்ப் ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவர் அதை நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (புரோநோட்டு, காசோலை போன்றவற்றுக்கான சட்டம்) 20ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதில் என்ன தேதி விழுகிறதோ அதிலிருந்துதான் மூன்று வருஷம் எண்ணப்படும்; அது உண்மையான தேதி இல்லை என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்திட்டவர் தலையில் விழும்.